பச்சை இஞ்சியில் ஜிஞ்சர் ஏல்: ஆறு நாள் ஆகியும் நுரை வரவில்லை

தறிச்சத்தம் (அம்மாப்பேட்டை, சேலம்), ஞாயிறு காலை 7:10

பெங்களூரில் வேலை பார்க்கும் மகள் போன மாதம் வந்தபோது ஜிஞ்சர் ஏல் என்று இரண்டு டின் கொண்டுவந்தாள். குடிக்க நன்றாகத்தான் இருந்தது. டின்னைத் திருப்பிப் படித்தால் சோடா, சர்க்கரை, அமிலம், வாசனைப் பொருள் என்று போகிறதே தவிர இஞ்சி என்ற பேச்சே இல்லை. இஞ்சி இல்லாத இஞ்சித் தண்ணீருக்குக் காசு கொடுப்பதா என்று எனக்கு ரோஷம் வந்துவிட்டது.

உழவர் சந்தையில் அரைக் கிலோ இஞ்சி வாங்கினேன். தோல் சீவி, துருவி, சர்க்கரையும் தண்ணீரும் சேர்த்து ஒரு ஜாடியில் போட்டு, வாயைத் துணியால் கட்டி வைத்தேன். நாலைந்து நாளில் தானாக நுரைக்கும் என்று எங்கோ பார்த்த ஞாபகம். இன்றோடு ஆறு நாள். ஒரு குமிழி இல்லை. அடியில் வெள்ளையாக மாவு மாதிரி படிந்திருக்கிறது, மேலே மெல்லிசாக ஒரு ஏடு. வீட்டில் எல்லோரும் ஜாடியைப் பார்த்துவிட்டு என்னைப் பார்க்கிறார்கள். என்ன தப்பு செய்தேன்?

கோலிகுண்டு (செவ்வாய்ப்பேட்டை), ஞாயிறு காலை 7:32

மூன்று கேள்வி. தோலைச் சுத்தமாகச் சீவிவிட்டீர்களா? என்ன தண்ணீர்? நுரைத்த பிறகு ஊற்றி வைக்க என்ன பாட்டில்? கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லுங்கள்.

தறிச்சத்தம், ஞாயிறு காலை 7:41

பழைய ஜூஸ் கண்ணாடி பாட்டில் ஆறு, வெந்நீரில் கழுவிக் கவிழ்த்து வைத்திருக்கிறேன். தோலை ஸ்பூனால் சுரண்டி எடுத்துவிட்டேன். தண்ணீர் மாநகராட்சிக் குழாய், மேட்டூர் தண்ணீர்.

கோலிகுண்டு, ஞாயிறு காலை 7:44

அந்த ஆறு பாட்டிலையும் தூக்கி ஓரமாக வையுங்கள். ஏன் என்று மதியம் எழுதுகிறேன், இப்போது கடையில் ஆள் நிற்கிறது.

மலைமிளகு (நாகலூர், ஏற்காடு), ஞாயிறு காலை 9:05

அண்ணா, தோலைச் சீவியதில்தான் காரியம் கெட்டது. நீங்கள் செய்ய நினைத்ததை ஆங்கிலத்தில் ஜிஞ்சர் பக் என்பார்கள். எங்கள் வீட்டில் இஞ்சி உறை என்கிறோம், தயிருக்கு உறை மாதிரி. நுரையைக் கிளப்பும் ஈஸ்ட்டும் புளிக்க வைக்கும் பாக்டீரியாவும் பெரும்பாலும் இஞ்சியின் தோலில்தான் ஒட்டியிருக்கும். தோலைச் சுரண்டிக் குப்பையில் போட்டுவிட்டு ஜாடியில் நுரையை எதிர்பார்த்தால் எப்படி?

நான் செய்கிற அளவு இது. ஆறவைத்த தண்ணீர் அரை லிட்டர், தோலோடு துருவிய இஞ்சி இரண்டு மேசைக்கரண்டி, சர்க்கரை இரண்டு மேசைக்கரண்டி. துணி மூடி நிழலில் வைக்க வேண்டும். தினமும் ஒரு கரண்டி இஞ்சி, ஒரு கரண்டி சர்க்கரை போட்டு, காலையும் மாலையும் மரக்கரண்டியால் கிண்டிவிட வேண்டும். கிண்டும்போது உஸ்ஸென்று சத்தம் வந்து, துருவல் எல்லாம் மேலே மிதந்தால் உறை தயார். மார்கழியில் இங்கே பத்து நாள்கூட ஆகும், இட்லி மாவே பொங்காத குளிர். சித்திரை வெயிலில் உங்கள் ஊரில் மூன்று நாளில் வந்துவிடும்.

இஞ்சி வாங்கும்போது பளபளவென்று கழுவி வைத்திருப்பதை விட்டுவிட்டு மண் ஒட்டியதாகப் பாருங்கள். வீட்டில் வந்து மண் போகக் கழுவினால் போதும், தேய்த்துத் தோலை உரிக்க வேண்டாம்.

அந்த ஏடு வெள்ளையாக, வழுவழுப்பாக, தட்டையாக இருந்தால் ஆபத்தில்லை. பஞ்சு மாதிரி முடியோடோ, பச்சை, கறுப்பு நிறத்திலோ இருந்தால் அது பூஞ்சணம். மேலே மட்டும் எடுத்துவிட்டு மிச்சத்தை வைத்துக்கொள்ளலாம் என்று யோசிக்காமல் ஜாடியோடு கொட்டிவிடுங்கள்.

அத்தைமடி (ஆத்தூர்), ஞாயிறு காலை 10:20

என்ன பிள்ளைகளே இது? இஞ்சிக்குப் புறம் நஞ்சு, கடுக்காய்க்கு அகம் நஞ்சு என்று சும்மாவா சொல்லி வைத்தார்கள்? பிள்ளை பெற்றவளுக்கு லேகியம் கிளறினாலும் சரி, வயிற்றுப் பொருமலுக்குச் சாறு கொடுத்தாலும் சரி, தோலைச் சீவி, தட்டிப் பிழிந்து, அரை மணி நேரம் தெளிய வைத்து, அடியில் நிற்கும் வெள்ளையைக் கொட்டிவிட்டு மேல் தெளிவை மட்டும்தான் எடுப்போம். நீங்கள் தோலையும் போட்டு, அந்த வெள்ளையோடு ஒரு வாரம் ஊறவைத்துக் குடிக்கச் சொல்கிறீர்கள். எனக்குக் கேட்கவே ஒப்பவில்லை.

தறிச்சத்தம், ஞாயிறு காலை 10:48

அம்மா, எங்கள் வீட்டிலும் இதையேதான் சொன்னார்கள். அதனால்தான் சீவினேன். அடியில் நிற்கும் அந்த வெள்ளை என்னதான்? பார்க்க அச்சு அசலாக எங்கள் ஊர் மரவள்ளி மாவு. பக்கத்து வீட்டுக்காரர் சேகோ ஆலையில் இருந்தவர், "இன்னும் கொஞ்சம் இஞ்சி வாங்கினால் ஜவ்வரிசியே உருட்டலாம்" என்கிறார்.

ஓய்வுபெற்றகரும்பலகை (அஸ்தம்பட்டி), ஞாயிறு பகல் 12:15

பக்கத்து வீட்டுக்காரர் சொன்னது சரிதான். அது ஸ்டார்ச். முப்பது வருஷம் வேதியியல் நடத்தியவன் என்ற முறையில் சொல்கிறேன், மரவள்ளித் தொட்டியில் படிவதும் இஞ்சிச் சாற்றில் படிவதும் ஒரே இனம். ஜிஞ்சர் ஏலுக்கு அது வேண்டாம்தான், ஆனால் காரணம் வேறு. கலங்கலாக இருக்கும், நாக்கில் மாவாக ஒட்டும்.

புறநஞ்சு என்பதை நான் கேலி செய்ய மாட்டேன். சித்த மருத்துவத்தில் ஒவ்வொரு சரக்குக்கும் சுத்தி முறை உண்டு, இஞ்சிக்குத் தோல் நீக்குவது அதில் ஒன்று. மண்ணுக்குள் விளையும் கிழங்கின் தோலில் அழுக்கும் கிருமியும் இருக்கும் என்பதும் உண்மை. வேடிக்கை என்னவென்றால் மலைமிளகு கேட்பதும் அதே தோலில் இருக்கும் உயிர்களைத்தான். ஒருவருக்கு விலக்க வேண்டியது, இன்னொருவருக்கு மூலதனம்.

ஒரு சமாதானம் சொல்கிறேன். உறையைத் தோலோடு போடுங்கள். குடிக்கப்போகும் கஷாயத்துக்குத் தோல் சீவிய இஞ்சியை எடுத்து, காய்ச்சி, தெளிய வைத்து இறுத்துக்கொள்ளுங்கள். ஒரு லிட்டருக்கு வடிகட்டிய உறை நாலு மேசைக்கரண்டிதான் சேரும். அத்தைமடி அவர்கள் ஏற்பார்களா தெரியாது.

தண்ணீரைப் பற்றியும் ஒரு வார்த்தை. குளோரின் உறையைக் கெடுக்கும் என்பார்கள். குடிநீரில் மிச்சமிருக்க வேண்டிய குளோரின் அளவே லிட்டருக்கு 0.2 மில்லிகிராம்தான். அது கொஞ்சம் சோம்பல் கொடுக்கும், கொன்றுவிடாது. இருந்தாலும் தண்ணீரைக் காய்ச்சி ஆறவைத்தால் அந்தச் சந்தேகமும் தீரும். முதல் குற்றவாளி சீவிய தோல்தான்.

அத்தைமடி, ஞாயிறு பகல் 12:40

பாதி ஏற்கிறேன் வாத்தியாரே. மீதிப் பாதிக்கு என் மாமியாரிடம்தான் கேட்க வேண்டும், அவர்கள் போய்ப் பதினைந்து வருஷம் ஆகிறது.

கோலிகுண்டு, ஞாயிறு மாலை 4:30

இப்போது பாட்டில் விஷயம். எங்கள் அப்பா சோடாக் கம்பெனி வைத்திருந்தார். பத்து வயதிலிருந்து நான் அங்கேதான். கோலி சோடா பாட்டில் 1872ல் இங்கிலாந்தில் ஹைரம் காட் என்பவர் காப்புரிமை வாங்கியது. பாட்டிலைத் தலைகீழாகக் கவிழ்த்துத்தான் நிரப்ப வேண்டும். உள்ளே ஏறும் வாயுவே குண்டைக் கழுத்தில் இருக்கும் ரப்பர் வளையத்தில் அழுத்தி மூடிக்கொள்ளும். அதற்கென்றே தடித்த கண்ணாடி. அப்படியும் வெடிக்கும். நிரப்புகிறவர் முகத்துக்குக் கம்பி வலையும் மார்புக்குச் சாக்கும் கட்டிக்கொண்டுதான் மெஷினைச் சுற்றுவார். எங்கள் கம்பெனியில் ஒருவர் சாக்கை அவிழ்த்துவிட்டு வேலை பார்த்த அன்றுதான் பாட்டில் உடைந்தது. கை தப்பியது, இரண்டு விரலில் உணர்ச்சி திரும்பவில்லை.

இத்தனைக்கும் அங்கே வாயுவை ஏற்றுவது மெஷின், எவ்வளவு வேண்டுமோ அவ்வளவுதான் ஏறும். நீங்கள் வளர்ப்பது உயிர். சர்க்கரை இருக்கும்வரை ஊதிக்கொண்டே இருக்கும், போதும் என்று அதற்குத் தெரியாது. ஜூஸ் பாட்டில் அழுத்தம் தாங்கச் செய்ததே இல்லை.

கலர் வந்த பெட் பாட்டிலைக் கழுவி எடுங்கள். அடியில் ஐந்து கால் வைத்த மாதிரி மேடு பள்ளமாக இருக்கும் பாருங்கள், அது அழுத்தம் தாங்குவதற்காக வைத்த வடிவம். தட்டையான அடியுள்ள குடிதண்ணீர் பாட்டில் வேண்டாம். பெட் பாட்டிலில் இன்னொரு வசதி, கையால் அமுக்கிப் பார்க்கலாம். அமுங்கினால் காத்திருங்கள். கல் மாதிரி இறுகினால் உடனே ஃபிரிட்ஜ்.

ஐந்துரோடு_பேச்சிலர், ஞாயிறு மாலை 6:02

எதற்கு இந்த வம்பெல்லாம்? கால் கிலோ இஞ்சியைத் தோல் சீவி இடித்து, கால் கிலோ சர்க்கரை, அரை லிட்டர் தண்ணீர் சேர்த்து மூடி போட்டுச் சிறு தீயில் இருபது நிமிஷம் வைப்பேன். ஆறியதும் வேட்டித் துணியில் பிழிந்து, இரண்டு எலுமிச்சை, ஒரு சிட்டிகை உப்பு. ஃபிரிட்ஜில் இரண்டு வாரம் இருக்கும். டம்ளரில் கால் பங்கு பாகு, முக்கால் பங்கு குளிர்ந்த சோடா. அவ்வளவுதான். தட்டுவடை செட்டுக்குப் பக்கத்தில் வைத்துக் குடித்துப் பாருங்கள், அப்புறம் பேசுங்கள்.

இது போலி, புளிக்க வைத்தால்தான் அசல் என்று யாராவது வருவீர்கள். வாருங்கள்.

மலைமிளகு, ஞாயிறு இரவு 7:15

வந்துவிட்டேன் தம்பி. அது இஞ்சி சர்பத், சோடா கலந்தது. நன்றாக இருக்கும், இல்லை என்று சொல்லவில்லை. உறை போட்டதில் வரும் மெல்லிய புளிப்பும், நாக்கில் ஊசி குத்துவது போன்ற பொடி நுரையும் அதில் வராது.

ஓய்வுபெற்றகரும்பலகை, ஞாயிறு இரவு 8:00

இந்த ஒரு விஷயத்தில் பேச்சிலர் பக்கம்தான் நியாயம். புளிக்க வைப்பது இங்கிலாந்தின் பழைய ஜிஞ்சர் பீர் வழி. ஏல் என்று பெயர் வைத்துக்கொண்டு கடைக்கு வந்தது பெரும்பாலும் பாகும் சோடாவும் கலந்ததுதான். கனடாவில் டொராண்டோவில் ஜான் மெக்லாக்லின் என்ற மருந்தாளுநர் 1904ல் இனிப்பைக் குறைத்து, நிறத்தை வெளுப்பாக்கிக் கொண்டுவந்ததுதான் இன்று டின்னில் வரும் வகைக்கு முன்னோடி. அவரும் சோடாத் தண்ணீர் வியாபாரிதான். ஆக, மலைமிளகு செய்வது ஜிஞ்சர் பீர், பேச்சிலர் செய்வது ஜிஞ்சர் ஏல். தலைப்பை மாற்ற வேண்டியதில்லை, கேட்டவர் விரும்பியது இஞ்சிதானே.

பாகு காய்ச்சுகிறவர்கள் கவனிக்க: பச்சை இஞ்சியின் உறைப்பு ஜிஞ்சரால் என்ற பொருளால் வருவது. அதிக நேரம் கொதித்தால் அதில் ஒரு பகுதி சிஞ்சரோனாக மாறும், அதற்குக் காரம் குறைவு, இனிப்பு வாசனை அதிகம். காயவைத்தால் ஜிஞ்சரால் சோகால் ஆகும், அதற்குக் காரம் கூடுதல். சுக்கு இஞ்சியைவிடச் சுள்ளென்று இருப்பது அதனால்தான். காரம் தூக்கலாக வேண்டுமென்றால் காய்ச்சும்போது முக்கால் பங்கு இஞ்சி போடுங்கள், இறக்கி ஆறிய பிறகு கால் பங்கைப் பச்சையாகப் பிழிந்து ஊற்றுங்கள்.

கெங்கவல்லி_அம்மா, திங்கள் காலை 6:50

ஒரு சந்தேகம். ஏல், பீர் என்கிறீர்கள். பிள்ளைகளுக்குக் கொடுக்கலாமா? போதை ஏறாதா?

ஓய்வுபெற்றகரும்பலகை, திங்கள் காலை 8:10

நியாயமான கேள்வி, கணக்காகவே சொல்கிறேன். ஈஸ்ட் சர்க்கரையைத் தின்றால் ஏறக்குறைய பாதி கரியமில வாயு, பாதி ஆல்கஹால். கடைக் கலர் அளவுக்கு நுரை வர லிட்டருக்கு ஏழு கிராம் வாயு வேண்டும். அதற்கு 14 கிராம் சர்க்கரை செலவாகும், கூடவே ஏழு கிராம் ஆல்கஹாலும் வரும். நூற்றுக்கு ஒன்றுக்குச் சற்றுக் கீழே. பீர் என்றால் நூற்றுக்கு ஐந்து இருக்கும். போதை ஏறாது, ஆனால் சுத்தமாக இல்லை என்றும் சொல்ல முடியாது. வெளியே மறந்து வைத்தால் இந்த அளவு கூடும். சின்னப் பிள்ளைகளுக்குப் பேச்சிலரின் பாகு வழியே நல்லது, அதில் புளிப்பதே இல்லை.

அதே கணக்கில் கோலிகுண்டு சொன்ன ஆபத்தையும் பாருங்கள். லிட்டருக்கு 100 கிராம் சர்க்கரை போடுகிறோம். 14 கிராமோடு நிறுத்தி ஃபிரிட்ஜில் வைக்கிறோம். மறந்துபோய் நூறும் புளித்தால் அந்த ஒரு லிட்டர் பாட்டிலுக்குள் 25 லிட்டருக்கும் மேல் வாயு. எந்த பாட்டில் தாங்கும்? அளவோடு நிறுத்தினால்கூட, நம் ஊர் 30 டிகிரி சூட்டில் உள்ளே இருக்கும் அழுத்தம் கார் டயரைப் போல இரண்டு மடங்கு. குளிரவைத்தால் வாயு தண்ணீரில் கரைந்து அடங்கும், அழுத்தமும் பாதிக்கு மேல் குறையும். சூடாக இருக்கும்போது திறக்காதீர்கள் என்பது அதனால்தான்.

அத்தைமடி, திங்கள் காலை 8:45

சர்க்கரைக்குப் பதில் கருப்பட்டி போட்டால்?

மலைமிளகு, திங்கள் காலை 9:30

போட்டுப் பார்த்தேன் அம்மா. நன்றாகவே பொங்கும், ஆனால் கருப்பட்டி வாசம் முன்னால் வந்து நின்று இஞ்சியை அமுக்கிவிடும். பானகம் குடிக்கிற மாதிரிதான் இருந்தது. உறைக்கு வெள்ளைச் சர்க்கரை, குடிக்கும் கஷாயத்தில் நாலில் ஒரு பங்கு மட்டும் நாட்டுச் சர்க்கரை, இது எனக்குப் பிடித்திருக்கிறது. எங்கள் தோட்டத்து ஆரஞ்சுத் தோலைச் சீவி இரண்டு துண்டும், பச்சை மிளகு ஒரு கொத்தும் தட்டிப் போடுவேன். மிளகின் காரம் தொண்டையில், இஞ்சியின் காரம் நாக்கில், இரண்டும் தனித்தனியாகத் தெரியும்.

உறை வளர்க்கப் பொறுமை இல்லாதவர்களுக்கு: லிட்டருக்கு ரொட்டி ஈஸ்ட் ஒரு சிட்டிகை போதும். கஷாயம் கை பொறுக்கும் சூட்டுக்கும் கீழே வந்த பிறகு போடுங்கள், கொதிக்கக் கொதிக்கப் போட்டால் செத்துவிடும். கை தவறி ஈஸ்ட் அதிகமானால் பேக்கரிக்குள் நின்று குடிக்கிற மாதிரி ஆகிவிடும்.

தறிச்சத்தம், பதினைந்து நாள் கழித்து, திங்கள் இரவு 9:20

எல்லோருக்கும் கணக்கு ஒப்படைக்கிறேன்.

பழைய ஜாடியைக் கொட்டிவிட்டேன். மண் ஒட்டிய இஞ்சி, தோலோடு, காய்ச்சி ஆறவைத்த தண்ணீர். மூன்றாம் நாள் காலை கிண்டியபோது உஸ்ஸென்றது. தறி ஓடும் சத்தத்திலும் காதில் விழுந்தது என்றால் நம்புங்கள். கஷாயத்துக்குத் தோல் சீவிய இஞ்சி நூறு கிராம், சர்க்கரை நூறு கிராம், பாதி எலுமிச்சை, ஒரு லிட்டர். தெளிய வைத்து, ஜவ்வரிசியைக் கொட்டிவிட்டு இறுத்தேன். இதே அளவில் மூன்று பாட்டில், இரண்டு விரல்கடை இடம் விட்டு.

முதல் பாட்டில் பதினாறு மணி நேரத்தில் இறுகிவிட்டது. ஆசை தாங்காமல் ஃபிரிட்ஜில் வைக்காமலே திறந்தேன். வாத்தியார் எழுதியதைப் படித்துவிட்டுத்தான் திறந்தேன் என்பதை வெட்கத்தோடு சொல்லிக்கொள்கிறேன். பாதி உத்தரத்தில், மீதி என் மேல். இஞ்சி தின்ற குரங்கு என்று கேள்விப்பட்டிருக்கிறேன், அன்று கண்ணாடியில் பார்த்தேன்.

இரண்டாவதை ஒரு நாள் முழுக்கக் குளிரவைத்து, மூடியைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருகித் திறந்தேன். மகள் வீடியோவில் பார்த்துக்கொண்டிருந்தாள். டின்னில் வந்ததைவிட இனிப்பு குறைவு, கலங்கல் அதிகம், காரம் தொண்டை வரை இறங்குகிறது. வீட்டில் ஒரு டம்ளர் குடித்துவிட்டு இரண்டாவது கேட்டார்கள். ஜாடியைப் பார்த்து முகம் சுளித்ததை நான் நினைவுபடுத்தவில்லை.

மூன்றாவது ஃபிரிட்ஜில் இருக்கிறது. பிழிந்த சக்கையை என்ன செய்வது? தூக்கிப் போட மனம் வரவில்லை.

அத்தைமடி, திங்கள் இரவு 9:45

காய்ச்சிய சக்கையில் பாதிக் காரம் மிச்சம் இருக்கும். வெயிலில் இரண்டு நாள் காயவைத்து, ஏலக்காயோடு பொடித்து டீத்தூளில் கலந்து வையுங்கள். உறை ஜாடியில் இருக்கும் தோல் சக்கையைச் செடிக்குப் போடுங்கள், டீயில் வேண்டாம். அதில் நான் மாற மாட்டேன்.

பேச்சிலர் தம்பியின் பாகை நானும் செய்தேன், சாற்றைத் தெளிய வைத்து. பேரனுக்குச் சோடா ஊற்றிக் கொடுத்தேன். இப்போது தினமும் கேட்கிறான்.

மலைமிளகு, திங்கள் இரவு 10:02

பொங்கல் வரை இந்த உறையைக் காப்பாற்றி வையுங்கள் அண்ணா. ஃபிரிட்ஜில் வைத்து வாரம் ஒரு கரண்டி இஞ்சியும் சர்க்கரையும் போட்டால் போதும். பொங்கலுக்குக் கொத்தோடு வரும் இளசு இஞ்சியில் நார் இருக்காது, காரமும் மென்மையாக இருக்கும். அதில் ஒரு முறை செய்து பாருங்கள், இது வேறு பானமா என்று கேட்பீர்கள்.

கோலிகுண்டு, திங்கள் இரவு 10:10

எல்லாம் சரி. அந்த ஆறு கண்ணாடி பாட்டில் என்ன ஆயிற்று?

தறிச்சத்தம், திங்கள் இரவு 10:14

ஜன்னலில் வரிசையாக மணி பிளான்ட் வளர்கிறது அண்ணா. மூடியைக் குப்பையில் போட்டுவிட்டேன்.